நடு மேஜை

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் நான் வேலை செய்யும் புடவைக் கடையில் மேல் தட்டு முழுக்கக் கல்யாணப் பட்டு. கல்யாண வீட்டார் வந்தால் முதலாளியே ஏணி போட்டு ஏறி இறக்குவார். வாசலில் பெரிய கூடைகளில் தள்ளுபடிப் புடவை. போகிற வருகிறவர்கள் எல்லாம் அதைக் கிளறிப் பார்ப்பார்கள். நடுத்தட்டில் இருப்பவையும் நல்ல புடவைகள்தான். சாயம் போகாது, சுருங்காது, விலையும் நியாயம். அவற்றை யாரும் கேட்பதில்லை, நாங்களும் எடுத்துக் காட்டுவதில்லை. தீபாவளிக்குத் தீபாவளி தூசு தட்டி, மடிப்பை மாற்றி, அங்கேயே வைத்துவிடுவோம். அந்தத் தட்டைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு என் அக்கா மகள் தாமரையின் ஞாபகம் வரும்.

என் பெயர் வாணி. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. அக்கா ரமணி குடும்பத்தோடுதான் இருக்கிறேன். அக்கா கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். மாமா சுகுமாறன் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். அவர்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் தாமரை, அவளுக்கு இரண்டு வயது இளையவள் ஷாமினி. மூன்றாவது மாடியில் ஒரு ஃப்ளாட். நான், தாமரை, ஷாமினி மூவருக்கும் ஒரே அறை.

தாமரை பிறந்தபோதே சத்தம் போடவில்லை என்று அக்கா பெருமையாகச் சொல்வாள். நர்ஸ் தட்டிப் பார்த்த பிறகுதான் லேசாக ஒரு அழுகை அழுதாளாம். தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறு வருடமும் அவளைப் பற்றி ஒரு புகார் கிடையாது, ஒரு பரிசும் கிடையாது. வருட முடிவில் வரும் அறிக்கையில் எல்லா ஆசிரியர்களும் ஒரே வார்த்தையைத்தான் எழுதினார்கள்: நன்று. வாந்தி பேதி வந்த வருடமும் நன்றுதான்.

அவளுக்கும் ஓர் ஆசை இருந்தது. எங்கள் கடைக்கு மாதம் ஒரு முறை கணக்குப் பார்க்க ஓர் அம்மா வருவார். பள்ளி விடுமுறையில் தாமரையைத் துணைக்குக் கடைக்கு அழைத்துப் போவேன். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே அவளுக்குக் கணக்கியல் மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. "இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கரெக்டா வந்தா மனசுக்கு நல்லா இருக்கு சித்தி," என்பாள். நான்காம் படிவத்தில் கணக்கியல் எடுத்து, ஐந்தாம் படிவ முடிவில் எஸ்.பி.எம். பரீட்சை முடித்து, போலிடெக்னிக்கில் டிப்ளோமா. அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. டாக்டராக வேண்டும் என்றோ லண்டன் போக வேண்டும் என்றோ கேட்கவில்லை. நடுத்தரமான பிள்ளையின் நடுத்தரமான ஆசை. அதைக்கூட நிறைவேற்ற இந்த ஊரில் ஆள் இல்லாமல் போய்விட்டது.

அவள் படித்த இடைநிலைப்பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஒரு பள்ளியில்தான் இப்படி என்று நினைத்துக்கொள்வீர்கள். நான்காம் படிவத்தில் ஆறு வகுப்புகள். அமானா, பெஸ்தாரி, செக்கால், டெடிகாசி என்று எல்லாம் நல்ல குணங்களின் பெயர்கள். ஆனால் எது நல்ல வகுப்பு, எது தள்ளிவிட்ட வகுப்பு என்பது அங்குள்ள கேண்டீன் பூனைக்கும் தெரியும். கணக்கியல் பெஸ்தாரியில் இருந்தது. தாமரையைப் போட்டது டெடிகாசியில். மூன்றாம் படிவ மதிப்பெண் பெஸ்தாரிக்குக் கொஞ்சம் குறைவாம். ஆனாலும் அங்கே இரண்டு இடம் காலியாக இருந்தது. வகுப்பாசிரியர் சம்மதித்தால் மாறிக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

டெடிகாசியின் வகுப்பாசிரியர் ராதாகிருஷ்ணன் சார். கணிதமும் அவர்தான். "நம்ம ஆளுடி, தமிழ்க்காரர், நம்ம பிள்ளையைப் பார்த்துக்குவாரு," என்று அக்காவுக்கு ஒரே சந்தோஷம். சாரை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் வகுப்பு. இரண்டு மின்விசிறியில் ஒன்று சுற்றாது. பின்வரிசையில் ஒருவன் வேப் இழுத்துப் புகையைச் சட்டைக்குள் விடுவான், ஒருவன் மேஜைக்கடியில் போனில் கேம் ஆடுவான், இரண்டு பேர் மலாயில் ஒருவன் தாயை ஒருவன் இழுத்துத் திட்டிக்கொள்வார்கள். சார் போர்டு பக்கம் திரும்பினால் முதுகில் ரப்பர் பேண்ட் வந்து விழும். இத்தனைக்கும் நடுவில் அவர் தினம் தினம் கணினியில் என்னென்னவோ தகவல் ஏற்ற வேண்டும். மனிதர் முடி கொட்டித்தான் நின்றார்.

அந்த வகுப்பில் இரண்டு பெரிய தலைவலிகள். ஒருவன் குகன், இன்னொருவன் தனேஷ். ஒரே ஃப்ளாட் பகுதிப் பையன்கள். அண்ணன்மார்களின் சண்டையைத் தம்பிகள் பள்ளிக்குள் கொண்டு வந்திருந்தார்கள். முதல் வாரமே கேண்டீனில் கட்டிப் புரண்டார்கள். எட்ட எட்ட உட்கார வைத்தால் வகுப்புக்குக் குறுக்கே சாமான் பறந்தது. அதனால் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். சுவர் ஓரமாக மூன்று மேஜைகளை ஒட்டிப் போட்டார். சுவர்ப் பக்கம் குகன், இந்தப் பக்கம் தனேஷ். நடுவில் ஓர் அமைதியான பெண் பிள்ளை. கண்ணெதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் கை நீளாது என்பது அவர் கணக்கு. வகுப்பைச் சுற்றிப் பார்த்தார், தாமரையைக் கூப்பிட்டார்.

"நீ நல்ல பிள்ளைதானே? இங்க உக்காரு."

அவள் பையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். இரண்டு வருடம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

நடு மேஜைக்கு வழி கிடையாது. வெளியே வர வேண்டுமென்றால் தனேஷ் எழ வேண்டும். அவன் எழ மாட்டான், அல்லது பாட்டுப் பாடிக்கொண்டு எழுவான், வகுப்பு சிரிக்கும். அதற்குப் பயந்து பிள்ளை தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். காலையில் நிரப்பிக்கொண்டு போன பாட்டில் மத்தியானம் அப்படியே திரும்பி வருவதைப் பார்த்துத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. துருவித் துருவிக் கேட்ட பிறகு சொன்னாள். "கிளாஸ் மாத்தச் சொல்லி சார்கிட்ட கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன் சித்தி. ஒரு மாசம் பொறு, கிளாஸ் செட்டில் ஆகட்டும்னு சொன்னாரு."

ஒரு மாதம் ஆனது. பெஸ்தாரியில் காலியாக இருந்த இடம் ஒன்று நிரம்பியது. இன்னொன்று மிச்சம் இருக்கும்போதே ரிப்போர்ட் கார்ட் வாங்கும் நாள் வந்தது. அக்காவோடும் தாமரையோடும் நானும் போனேன். கடைக்கு லீவு போட்டுக்கொண்டு, சும்மா வருகிறவள் போல முகத்தை வைத்துக்கொண்டு போனேன்.

வகுப்புக்கு வெளியே நடைபாதையில் நாற்காலி போட்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் குகனின் அம்மா. அந்த அம்மாவோடு சார் முக்கால் மணி நேரம் பேசினார். பையன் யாரோடு சேர்கிறான், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறான், காலையில் சாப்பிடுகிறானா என்று கேட்டார். அந்த அம்மா அழுதார். சார் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார். "விட்டுட மாட்டேன்மா, ஸ்கூல் முடிஞ்சு டெய்லி நானே வச்சுச் சொல்லிக் குடுக்கறேன்," என்றார். உண்மையாகவே சொன்னார், உண்மையாகவே செய்தார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே கண் கலங்கியது.

பிறகு எங்கள் முறை வந்தது. சார் தாமரையைப் பார்த்தார், கார்டுகளைப் புரட்டினார்.

"மலர்தானே?"

மலர் என்பது வகுப்பில் இன்னொரு பெண். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "ஆமா சார்," என்றாள். தாமரை தன் கார்டைத் தானே தேடி எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பிரச்சனை இல்ல, ஆன்டி. நல்ல பிள்ளை," என்றார். அக்கா முகம் மலர்ந்து எழுந்தே விட்டாள்.

நான் எழவில்லை. "சார், இவ அக்கவுன்ட்ஸ் கிளாஸுக்கு மாறணும்னு கேட்டாளே, என்னாச்சு?" என்றேன்.

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது கொஞ்சம் சூசா, கஷ்டம் லா, அக்கா. உண்மையச் சொல்றேன். இந்தப் பிள்ளை அங்க உக்காந்ததுல இருந்துதான் அந்த மூலையில சத்தமே இல்ல. இவளை எடுத்துட்டா அவனுங்க ரெண்டு பேரும் அடிச்சுக்குவானுங்க. போலீஸ் வரைக்கும் போயிரும். நம்ம பையனுங்க லைஃப்பு."

"அப்ப இவ லைஃப்பு?"

"இவளுக்கு என்னா, நல்லாத்தானே இருக்கா? எங்க உக்காந்தாலும் படிச்சுக்குவா."

"சார், இவ பிள்ளையா, சுவரா?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துதான் போயிற்று. பக்கத்து வகுப்பு வாசலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து நின்றிருந்த அக்கா என் தோளில் ஒரு கிள்ளு கிள்ளினாள். "மன்னிச்சிருங்க சார், தங்கச்சி கொஞ்சம் கோவக்காரி. நீங்க எங்க வச்சாலும் சரி சார்," என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வந்தாள்.

காடியில் ஏறிக் கார்க் கதவைச் சாத்தியதும் நான் அவளைப் பிடித்து உலுக்காத குறைதான். அவளோ சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தாள். "கேட்டியா வாணி? நம்ம பிள்ளை இருக்கறதாலதான் கிளாஸே அடங்கி இருக்காம். சாரே சொல்றாரு." அன்று மாலை மாமாவுக்குப் போன் போட்டு அதையே சொன்னாள். பினாங்கில் இருக்கும் நாத்தனாருக்கும் சொன்னாள். பள்ளியில் ஆசிரியர் ஒருவர் தன் மகளைப் பற்றி 'நன்று'க்கு மேல் ஒரு வார்த்தை சொன்னது அவளுக்கு அதுவே முதல் தடவை. தாமரை பின் சீட்டில் கார்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் பெஸ்தாரியின் கடைசி இடத்துக்கு வேறு ஒரு பிள்ளை போனாள்.

கணக்கியல் போனாலும் வழி முழுக்க அடைபடவில்லை. கணிதத்தில் கிரெடிட் எடுத்தால், அதாவது சி எடுத்தால், டிப்ளோமாவுக்கு மனுப் போடலாம் என்று தாமரையே விசாரித்து வைத்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் பிடித்துக்கொண்டது அந்த ஒரு சி-யைத்தான்.

அதை அந்த மேஜையில் உட்கார்ந்து எப்படிப் படிப்பது? சார் ஒரு கணக்கைப் போர்டில் பாதி போடுவார். யாராவது கத்துவான். சார் சாக்கை வைத்துவிட்டு அவனைத் துரத்துவார். திரும்பி வரும்போது மணி அடித்துவிடும். மீதிப் பாதி கணக்கு மறுநாளும் வராது. ஒரு நாள் தாமரை துணிந்து கையைத் தூக்கியிருக்கிறாள். சார் அப்போது தனேஷின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தார். "உனக்குப் புரியும், மலர். கையை இறக்கு," என்றாராம். அதோடு அவள் கை தூக்குவதை விட்டுவிட்டாள். டியூஷன் வைக்கலாம் என்று நான் சொன்னேன். "சாரே படிச்சுக்குவான்னு சொன்னாரே, அவருக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து நின்றபடியே தூங்குகிறவளிடம் எவ்வளவுதான் சண்டை போடுவது?

ஐந்தாம் படிவத்தில் ஒரு நாள் சார் வகுப்பில் இல்லாத நேரம் தனேஷ் நாற்காலியைத் தூக்கிக் குகன் மேல் வீசினான். குகன் குனிந்தான். நாற்காலிக் கால் தாமரையின் மணிக்கட்டைக் கிழித்தது. கட்டொழுங்கு ஆசிரியர் ஓடி வந்தார். இரண்டு பையன்களின் பெற்றோரையும் உடனே அழைத்தார்கள். ஆலோசகரிடம் அனுப்பினார்கள். ஒரு தன்னார்வ அமைப்பு நடத்தும் மூன்று நாள் நல்வழி முகாமுக்கு இருவரையும் போர்ட் டிக்சனுக்குக் கூட்டிப் போனார்கள். கடல், கூடாரம், பார்பிக்யூ, மனதைத் தொடும் பேச்சு. தாமரைக்குப் பிளாஸ்திரி ஒட்டி, "அழாத, ஒண்ணும் இல்ல, போய் உக்காரு," என்றார்கள். வீட்டுக்கு யாரும் போன் பண்ணவில்லை. படியில் வழுக்கி விழுந்தேன் என்று அவளே அக்காவிடம் பொய் சொன்னாள். எனக்கு மட்டும் உண்மையைச் சொன்னாள், அதுவும் சத்தியம் வாங்கிக்கொண்டு.

"ஏன்டி சொல்லக் கூடாது?"

"அம்மா ஸ்கூலுக்கு வருவாங்க சித்தி. சார்கிட்ட சாரி கேப்பாங்க."

அக்கா அப்படித்தான் செய்வாள்.

எஸ்.பி.எம். முடிவு வந்த அன்று எல்லாப் பாடத்திலும் தாமரை தேர்ச்சி பெற்றிருந்தாள். மலாய் சி, ஆங்கிலம் டி, வரலாறு சி பிளஸ், தமிழ் பி. கணிதம் டி. டி என்றால் தேர்ச்சிதான், ஆனால் கிரெடிட் கிடையாது. "எல்லாம் பாஸ்! சான்றிதழ் கிடைச்சிரும்!" என்று அக்கா சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டினாள். தாமரை திருநீறு பூசிக்கொண்டாள். அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்து, "ஒரு கிரேடுதான் சித்தி," என்றாள். அழவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

குகன் கணிதத்தில் சி பிளஸ் எடுத்திருந்தான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு வருடம் பள்ளி முடிந்து தினம் சார் அவனை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார், பையன் படித்தான். முடிவு வந்த அன்று அவன் தாமரையிடம் வந்து, "நீ நடுவுல இல்லன்னா நான் ஜெயில்ல இருந்திருப்பேன் லா," என்று சிரித்தானாம். அவள் வாழ்க்கையில் கிடைத்த ஒரே பாராட்டு அது.

பரிசளிப்பு ஒன்று பாக்கி இருந்தது. எங்கள் பகுதிக் கோயில் மண்டபத்தில் வருடா வருடம் எஸ்.பி.எம். மாணவர்களுக்கு விழா எடுப்பார்கள். எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தவர்களுக்குச் சால்வை, மாலை, மேளம். அப்புறம் முகாமுக்குப் போய்த் திருந்திய பையன்களுக்குத் தனியாக ஒரு விருது. நம் சமூகத்துக்குப் பெருமைப்பட ஒரு பத்துப் பேர் வேண்டும், கவலைப்பட ஒரு பத்துப் பேர் வேண்டும். மீதிப் பிள்ளைகள் நாற்காலி எடுத்துப் போடலாம், பந்தி பரிமாறலாம். தாமரையும் அங்கே பரிமாறத்தான் வந்திருந்தாள். கோயில் மகளிர் குழுவில் அக்கா இருக்கிறாள், அம்மா கூப்பிட்டால் தாமரை மறுக்க மாட்டாள்.

குகனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். ராதாகிருஷ்ணன் சாரையும் மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார்கள். மைக்கைப் பிடித்த சார் நன்றி சொல்லிவிட்டுத் தன் அனுபவத்தைச் சொன்னார். "பெருசா ஒண்ணும் செய்யலைங்க. ஒரு சின்ன டெக்னிக்தான். பிரச்சனை பண்ற பையன் பக்கத்துல ஒரு நல்ல பிள்ளையை உக்கார வச்சிரணும். தானா அடங்கிருவான்." மண்டபம் கை தட்டியது. என் பக்கத்தில் அக்காவும் தட்டினாள். "நம்ம தாமரையைத்தான் சொல்றாரு," என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் காட்டினாள். நான் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

சாப்பாட்டு வரிசையில் சார் வந்து நின்றார். தாமரை அவர் தட்டில் மீ ஹூன் வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்த்து, முகம் தெரிந்தவர் போலச் சிரித்தார்.

"தேங்க்ஸ், மலர். நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன் சார்," என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குக் கரண்டியை நீட்டினாள். கரண்டி துளிகூட ஆடவில்லை. ஆடியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது அவள் ஒரு மருந்துக் கடையில் கல்லாவில் நிற்கிறாள். ஷாமினி அதே பள்ளியில் நான்காம் படிவம். அதே ராதாகிருஷ்ணன் சார் புதிதாகப் பொறுப்பேற்ற நான்காம் படிவ வகுப்பு. ஷாமினிக்குச் சமையல் கலை படிக்க ஆசை, அவளும் அக்காளைப் போலவே நடுத்தரம். போன மாதம் ஒரு மாலை, சாப்பிட உட்கார்ந்தபோது ஷாமினி சாதாரணமாகச் சொன்னாள்.

"சார் எனக்கு சீட்டு மாத்திட்டாரு. சுவரு ஓரமா மூணு மேஜை இருக்குல்ல, அங்க. ரெண்டு பையனுங்க நடுவுல."

அக்கா, "அக்கா மாதிரியே நீயும் நல்ல பிள்ளைன்னு சாருக்குத் தெரிஞ்சிருச்சு," என்றாள். தாமரை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை எடுத்தாள்.

படுக்கப் போகுமுன் எங்கள் அறையில் தங்கச்சியைத் தன் கட்டிலில் உட்கார வைத்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு சார் வந்ததும் எழுந்து நில்லு. இங்க உக்கார முடியாதுன்னு சொல்லு."

"சொன்னா கேப்பாரா?"

"கேக்க மாட்டாரு. நீ நல்ல பிள்ளைதானே, உக்காருன்னு சொல்வாரு. அப்ப மேஜையைத் தள்ளிவிடு."

ஷாமினி சிரித்தாள். "என்னாக்கா ஜோக் அடிக்கிற?"

"காலால எட்டி உதை. புஸ்தகம் எல்லாம் கீழ விழணும். சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேக்கணும்."

நான் மடித்த துணியோடு அப்படியே நின்றேன். தாமரை ஜோக் அடிக்கிற பிள்ளை இல்லை. அவள் குரலும் ஏறவில்லை, கடையில் என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் பத்து மணிக்குப் பள்ளியிலிருந்து அக்காவுக்குப் போன். காலை ஷிப்டிலிருந்து பாதியில் ஓடினாள். நான் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது அக்கா சீருடையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஷாமினி அறைக்குள் இருந்தாள். தாமரைக்கு அன்று மாலை வேலை. அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"மானமே போச்சு வாணி," என்றாள் அக்கா. "இத்தனை வருசத்துல ஸ்கூல்ல இருந்து ஒரு போன் வந்தது இல்ல. ஆபீஸுக்கு வெளிய நிக்க வச்சுட்டாங்க, அந்தப் பையனுங்க அம்மாங்க நிப்பாங்களே, அந்த இடத்துல. மேஜையைத் தள்ளி, புஸ்தகத்தை எறிஞ்சு, கிளாஸே நின்னு வேடிக்கை பார்த்துச்சாம். யாருடி இவளுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?"

தாமரை கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"சார் என்ன சொன்னாரும்மா?"

"என்ன சொல்வாரு? ஷாமினி சுகுமாறன், ஷாமினி சுகுமாறன்னு முழுப் பேரையும் சொல்லிச் சொல்லிப் பேசினாரு. இப்பவே பிடிக்கலன்னா கை மீறிப் போயிருமாம். இனிமே முன்னாடி, அவரு மேஜைக்குப் பக்கத்துல உக்கார வைக்கிறாராம். ஸ்கூல் முடிஞ்சு டெய்லி அவரே வச்சு மேத்ஸ் சொல்லிக் குடுக்கறேன்னு சொன்னாரு. வீட்டுல யாரு இருக்கா, என்ன சாப்பிடறா, எல்லாம் கேட்டாரு. விட்டுட மாட்டேன்மான்னு சொன்னாரு."

தாமரை அடுப்பை அணைத்தாள். சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஒரு மேஜை சித்தி," என்றாள் என்னைப் பார்த்து. "ஒரே ஒரு மேஜைதான்."

அப்புறம் அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. பிறந்தபோது அழாததையும் சேர்த்து வாய்விட்டு, மூச்சுத் திணறத் திணற அழுதாள். தழும்பு விழுந்த கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் ஓடிப் போய் அவளை அணைத்துக்கொண்டேன். ஷாமினி கதவைத் திறந்து பயந்துபோய் எட்டிப் பார்த்தாள்.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"சத்தம் போடாதடி. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

தாமரை உடனே நிறுத்திவிட்டாள்.